80 ரூபாயும் 4 பாக்கெட்டும்: லிஜ்ஜத் பெண்கள் எதை இலக்காக வைத்தார்கள்?

2021 தை மாதம் ஒரு புது நோட்டில் நான் எழுதிய முதல் வரி "மாதம் 1 லட்சம்". அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. வெங்காய வடகம், மோர்மிளகாய், மணத்தக்காளி வத்தல் எல்லாம் வீட்டிலேயே போட்டு விற்க ஆரம்பித்த மாதம் அது. அந்த மாதம் விற்றது 3,000 சொச்சம். அடுத்த மாதம் 5,000. பங்குனியில் வெயில் நன்றாக அடித்ததால் 9,000 வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பரவாயில்லையே என்றார்கள், எனக்கு மட்டும் அந்த நோட்டைத் திறந்தாலே மனசு சுருங்கும், ஏனென்றால் அதில் எழுதியிருந்த 1 லட்சத்துக்கு இது பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஐப்பசி மழையில் 6 கிலோ வடகம் பூஞ்சை பிடித்துப் போனது. நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

மும்பைப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் அப்பளத் தொழிலான லிஜ்ஜத் பாப்பட்டின் கதையை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தது அதற்கப்புறம்தான். அதற்கு முன் எனக்குத் தெரிந்தது வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவை வரும் கதை: 7 பெண்கள், 80 ரூபாய் கடன், இன்று 1,600 கோடி. கடைசியில் ஒரு கைகூப்பு, ஒரு ராக்கெட். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். 80 ரூபாய்க்கும் 1,600 கோடிக்கும் நடுவில் 60 வருடம் கிடக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு எண்ணை மட்டும் காட்டினால் வீட்டில் உட்கார்ந்து வடகம் பிழிகிறவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? எனவே இந்த ஆய்வில் பெரும்பாலும் முதல் சில வருடங்களையே பார்க்கப் போகிறேன். வீட்டில் தொழில் செய்கிறவர்களுக்கு ஆகவேண்டியது அங்கேதான் இருக்கிறது, பின்னால் வந்த கோடிகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

மொட்டை மாடியில் என்ன நடந்தது

இடம் பம்பாயின் கிர்காவ். லோஹானா நிவாஸ் என்று ஐந்து கட்டடம் சேர்ந்த ஒரு குடியிருப்பு, குஜராத்திக் குடும்பங்கள். வீட்டுக்காரர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் கையில் மிஞ்சும் சில மணி நேரத்தில் ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று அங்கிருந்த பெண்கள் யோசித்தார்கள். கையில் பட்டம் கிடையாது, தெரிந்த தொழில் சமையல். அதிலும் பாப்பட் இடுவது குஜராத்தி வீடுகளில் நம் வீட்டில் ஊறுகாய் போடுவது மாதிரி, யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. (நம்ம அப்பளம் வேறு, அவர்கள் பாப்பட் வேறு என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம்முடையது எண்ணெயில் விழுந்து பூரித்து எழுவதற்கு. அவர்களுடையதில் மிளகும் பெருங்காயமும் தூக்கலாக இருக்கும், தணலில் வாட்டியே தின்றுவிடலாம். உளுந்து மாவு இரண்டுக்கும் பொது.)

பணம் தந்தவர் சகன்லால் கரம்சி பாரேக். கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர், சமூக சேவகர். அவரிடம் வாங்கிய 80 ரூபாயை வைத்து அந்தப் பெண்கள் செய்த முதல் காரியம் வாட்ஸ்அப் கதையில் வராது: ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன பாப்பட் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். வேண்டிய சாமான்களையும் மூலப்பொருளையும் அந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் நடத்தித் தோற்ற இடத்தில் இவர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள்.

1959 மார்ச் 15 அன்று ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டும் மற்ற ஆறு பேரும் அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் உட்கார்ந்து பாப்பட் இட்டார்கள். தேறியது 4 பாக்கெட். அதைப் புலேஷ்வரில் தெரிந்த ஒரு வியாபாரியிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் முதல் நாள்.

நான் நின்றுபோன இடம் இதுதான். 4 பாக்கெட், தெரிந்த ஒரு வியாபாரி. அன்றைக்கு அவர்கள் வைத்திருந்த இலக்கு என்று ஒன்று இருந்திருந்தால் அது அன்று மாலைக்குள் முடிந்துபோகிற அளவில்தான் இருந்திருக்கும், முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடிந்திருக்கும். என் 1 லட்சத்தை எந்த நாள் மாலையிலும் அப்படிப் பார்க்க முடியாது. தை 5ஆம் தேதி சாயங்காலம் நான் என் இலக்குப்படிதான் போகிறேனா என்று என்னையே கேட்டால் பதில் கிடையாது.

எதெல்லாம் செய்யமாட்டோம்

இன்னொன்று. "இவ்வளவு சம்பாதிப்போம்" என்று அவர்கள் எங்கும் எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை. எழுதி வைத்ததும் சொல்லி வைத்ததும் பெரும்பாலும் செய்யமாட்டோம் வகை. ஆரம்பத்திலேயே அவர்கள் எடுத்த முடிவு, நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது. கடனாகத் தா, திருப்பித் தருகிறோம், தானமாகத் தராதே. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்தாலே அதை ஒரு தர்ம காரியமாகப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. "பாவம், ஏதோ செய்கிறார்கள், ரெண்டு பாக்கெட் வாங்கிப்போம்" என்று வாங்குகிறவர் மூன்றாம் தடவை வருவதில்லை. எனக்கே நடந்தது. சொந்தக்காரர்கள் பத்து வீட்டில் ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கினார்கள், நான் அதை விற்பனை என்று கணக்கில் எழுதிக்கொண்டேன், அடுத்த மாதம் அந்தப் பத்து வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

இரண்டாவது, தரம். ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு ரகம் போட்டார்கள்: நல்லது ஒன்று, கொஞ்சம் மட்டமானது ஒன்று, மட்டமானதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்று. வீட்டுத் தொழில் செய்கிற யாருக்கும் இந்த யோசனை வரும், அதில் தப்பும் தெரியாது. சகன்பாப்பா (அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்) அதை நிறுத்தச் சொன்னார். ஒரே ரகம், ஒரே தரம், அதில் சமரசம் கூடாது. கூடவே, இதை வியாபாரமாகவே நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். 80 ரூபாயைவிட இந்த இரண்டு பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். இலக்கை எட்ட உதவுகிறவர் என்று நாம் நினைப்பது பணம் தருகிறவரை, ஆனால் மட்ட ரகத்தை விடு என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டம். வீட்டில் சொல்லமாட்டார்கள், நம் மனசு நோகும் என்று. வாங்குகிறவர்களும் சொல்லமாட்டார்கள், பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒரே ரகம் என்று வைத்தால் உடைந்ததை என்ன செய்வது? அவர்கள் அதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். உடைந்த பாப்பட்டை மலிவு விலைப் பாக்கெட்டாகக் கட்டி விற்கவில்லை. நான் செய்தேன். தூள் வடகம் கால் விலை என்று போட்டேன், அப்புறம் எல்லோரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள், குழம்பில் போட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று. சரியாகத்தான் கேட்டார்கள், நான்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வருடக் கணக்கு

முதல் வருட மொத்த விற்பனை 6,196 ரூபாய். மூன்று மாதத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட 25 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வருடம் மழையால் 4 மாதம் வேலையே நடக்கவில்லை, மீதி 8 மாதம் என்று வைத்தால் மாதத்துக்குச் சராசரி 775 ரூபாய் விற்பனை வருகிறது. 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 31 ரூபாய். இது விற்பனைதான், உளுந்து, மிளகு, பெருங்காயம், பாக்கெட் செலவு எல்லாம் போக மிஞ்சியது இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்து ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்பது உண்மை, இருந்தாலும் குடும்பமே இதை நம்பி ஓடுகிற வருமானம் இது கிடையாது.

வெற்றிக் கதை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார்கள், காட்டினால் கதை கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். எனக்கு இதுதான் தெம்பு கொடுத்தது. முதல் வருடம் முடியும்போது யாராவது அவர்களிடம் "இதை நம்பியா ஒரு வருடம் போக்கினீர்கள்" என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அந்த வருடத்தில் அவர்கள் கையில் சேர்ந்தது வேறு: பாத்திரங்கள், அலமாரி, அடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போட்டிருந்தார்கள், ஒழுங்கான கணக்கு இருந்தது, கேட்டு வாங்கும் கடைகள் இருந்தன, 25 ஜோடிக் கைகள் இருந்தன.

மழை

பம்பாய் மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை விடாது. பாப்பட்டுக்கு வெயில் வேண்டும், ஈரம் கொஞ்சம் இருந்தாலும் அடுக்கி வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், வாசம் மாறிவிடும், அப்புறம் பூஞ்சை. முதல் வருடம் அவர்கள் அந்த நாலு மாதமும் வேலையை நிறுத்திவிட்டார்கள். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் பாப்பட்டைப் பரப்பி, கீழே ஸ்டவ்வை வைத்து அந்தச் சூட்டில் காயவைத்தார்கள். மழையிலும் வேலை நடந்தது.

இதைப் பலரும் புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது கொஞ்சம் வேறு. முதல் வருடம் தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள், சரி. இரண்டாம் வருடமும் மழை வரும் என்பது அவர்களுக்கு ஜனவரியிலேயே தெரியும். இலக்கு வைக்கும்போது நாம் 12 மாதத்தையும் ஒரே அளவாக வெட்டிவிடுகிறோம், மாதம் இவ்வளவு என்று, ஆனால் எந்த வீட்டுத் தொழிலிலும் 12 மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. தையல் வேலை செய்கிறவருக்குத் தீபாவளிக்கு முந்தின மாதத்தில் தூக்கம் இருக்காது, மார்கழியில் கல்யாணமே இல்லாததால் ரவிக்கை தைக்க ஆள் வராது. பலகாரம் செய்கிறவருக்குப் புரட்டாசி ஒரு மாதிரி, ஐப்பசி வேறு மாதிரி. நான் என் நோட்டில் தைக்கும் ஐப்பசிக்கும் ஒரே எண்ணை எழுதியிருந்தேன். மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஐப்பசியில் மழை பெய்யும் என்று தெரியாதா?

மாடி நிறைந்தபோது

இரண்டாம் வருடம் 100இலிருந்து 150 பெண்கள், மூன்றாம் வருட முடிவில் 300க்கும் மேல். விளம்பரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, வாய் வார்த்தையும் உள்ளூர் மொழிப் பத்திரிகைகளில் வந்த சில கட்டுரைகளும்தான். 300 பேர் உட்கார அந்த மாடி தாங்காது. அப்போதுதான் மாவைப் பிசைந்து ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தனுப்பி, வீட்டிலேயே இட்டுக் காயவைத்துத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் முறை வந்தது. கொண்டுவந்ததை எடைபோட்டு, பாக்கெட் போடுவது மட்டும் ஓரிடத்தில். லிஜ்ஜத் ஒரு வீட்டுத் தொழிலாக ஆனது இப்படித்தான், இடம் போதாமல். "பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் மாதிரி" என்று யாரும் முதலில் திட்டம் தீட்டவில்லை.

பிசைவது மட்டும் ஓரிடத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். ருசி இருப்பது மாவில். உப்பு, காரம், பெருங்காயம் எல்லாம் அங்கே முடிவாகிவிடுகிறது. இடுவதில் கைக்குக் கை தடிமனும் வட்டமும் மாறலாம், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எடையிலும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தவறு நடக்கக்கூடிய வேலையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் தவறு நடக்கக்கூடிய வேலையை வெளியே கொடுத்திருக்கிறார்கள். இதை யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா, தானாக அமைந்ததா தெரியாது, ஆனால் வீட்டுத் தொழிலை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறவர்கள் இதை ஒரு நாள் முழுக்க யோசிக்கலாம். இன்றும் கிளைகளில் முறை இதுதான்: காலையில் வந்து நேற்று இட்ட பாப்பட்டைக் கொடுத்து, எடைபோட்டுச் சரிபார்த்தபின் கூலியை வாங்கிக்கொண்டு, இன்றைய மாவை எடுத்துக்கொண்டு போவது. இடுவதற்கான கூலிக்கு வணாய் என்று பெயர். வீட்டில் சுத்தமான இடம், காயவைக்க வசதி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இல்லாதவர்களை விரட்டுவதில்லை, மாவு பிசையவோ பாக்கெட் போடவோ கிளையிலேயே வேலை உண்டு.

அன்றைய கூலி அன்றன்று என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாதச் சம்பளக்காரர்களுக்குப் புரியாது. இன்று 3 கிலோ இட்டால் இவ்வளவு, 5 கிலோ இட்டால் இவ்வளவு. ஒவ்வொரு பெண்ணும் தன் இலக்கைத் தானே வைத்துக்கொள்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று குறைவாக எடுத்துப் போகிறாள். மேலே உட்கார்ந்து யாரும் "மாதத்துக்கு இத்தனை கிலோ" என்று சொல்ல வேண்டியதே இல்லை. உறுப்பினர் எல்லோரும் ஒருவரை ஒருவர் பென், அதாவது அக்கா தங்கை, என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொழிலில் எல்லோருக்கும் பங்கு உண்டு, லாபமும் நஷ்டமும் பொது.

பெயரும் ஒரு தோல்வியும்

பெயர் வந்தது 1962இல்தான், தொழில் ஆரம்பித்து மூன்று வருடம் கழித்து. ஒரு போட்டி வைத்து, 5 ரூபாய் பரிசு அறிவித்து, உறுப்பினர் ஒருவர் சொன்ன லிஜ்ஜத் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். குஜராத்தியில் ருசியானது என்று பொருள். நம்மில் பாதிப் பேர் தொழில் தொடங்கும்முன் லோகோ, விசிட்டிங் கார்டு, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் போட்டுவிட்டு ஒரு மாதத்தை அதில் கழித்துவிடுகிறோம், நானும் ஸ்டிக்கருக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். 1962-63 விற்பனை 1,82,000 ரூபாயை எட்டியது. முதல் வருட 6,196 உடன் ஒப்பிட்டால் 29 மடங்கு.

இந்த நடுவில் ஒரு தோல்வியும் உண்டு. 1961இல் மும்பையின் மலாட் பகுதியில் ஒரு கிளை தொடங்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மகாராஷ்டிரத்துக்கு வெளியே முதல் கிளை குஜராத்தின் வாலோடில் தொடங்கியது 1968இல். மலாட்டுக்கும் வாலோடுக்கும் இடையே 7 வருடம். அந்த ஏழு வருடமும் தாய் வீட்டில் வேலையும் விற்பனையும் வளர்ந்துகொண்டேதான் இருந்தன. ஒரு இலக்கு கைகூடவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டு போவதும் ஒரு வழிதான், ஆனால் தோற்றதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்று வீம்பு பிடிப்பவர்களுக்கு இது பிடிக்காது.

1966 அவர்களுக்குப் பெரிய வருடம். ஜூலையில் 1860ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டார்கள். அப்போது கதர், கிராமத் தொழில் ஆணையத்தின் தலைவராக இருந்த யு. என். தேபர் நேரில் வந்து பார்த்தார், செப்டம்பரில் ஆணையம் இதைக் கிராமத் தொழிலாக அங்கீகரித்தது, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாயும் வரிச் சலுகையும் கிடைத்தன. 80 ரூபாயில் தொடங்கி உழைப்பால் மட்டுமே வளர்ந்தது என்று சொல்கிறவர்கள் இந்த 8 லட்சத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அரசு உதவி கிடைத்ததில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது கிடைத்தபோது அவர்களிடம் 7 வருடக் கணக்கு இருந்தது. நேரில் பார்க்க வந்தவரிடம் காட்ட ஏதோ இருந்தது. கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று சகன்பாப்பா ஆரம்பத்தில் சொன்னதை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

பிறகு எல்லாம் வெற்றியா

இல்லை. 1970களில் வேறு தொழில்களிலும் நிறையக் கை வைத்தார்கள். 1975இல் மாவு மில், 1977இல் அச்சுப் பிரிவு, 1978இல் பாலிப்ரொப்பிலீன் பாக்கெட் பிரிவு. இவை மூன்றும் பாப்பட்டுக்கே வேண்டியவை. தோல் பொருள், தீப்பெட்டி, ஊதுபத்தி என்றும் முயன்றார்கள், அவை எடுபடவில்லை. இதைப் படித்ததும், ஆகா, கையில் இருக்கும் தொழிலுக்கு உதவுவதைச் செய்தால் நிற்கும், சம்பந்தமில்லாததைத் தொட்டால் கவிழும் என்று ஒரு சூத்திரம் எழுத ஆசை வந்தது. ஆனால் 1988இல் சாசா என்று சலவைத் தூளும் சோப்பும் கொண்டுவந்தார்கள், பாப்பட்டுக்கும் துணி சோப்புக்கும் என்ன சம்பந்தம், அது நன்றாகவே ஓடியது. எனவே சூத்திரத்தை விட்டுவிட்டேன்.

பொருள் வாங்குவதில் மட்டும் அவர்கள் பிடிவாதம் மாறவில்லை. உளுந்து பர்மாவிலிருந்து, பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து, மிளகு கேரளத்திலிருந்து. எந்த ஊர்க் கிளையில் இட்டாலும் ருசி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு அது. மாடியில் போட்ட ஒரே ரகம் என்ற விதியின் தொடர்ச்சிதான் இது, கப்பலேறி வந்திருக்கிறது, அவ்வளவே.

2021இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் சமயத்தில் சொல்லப்பட்ட எண்கள் சுமார் 1,600 கோடி விற்பனை, சுமார் 45,000 பெண்கள். வகுத்தால் தலைக்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் விற்பனை வருகிறது. இதையும் வருமானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, செலவெல்லாம் இதற்குள்தான். 1,600 கோடி என்றால் மலைப்பாக இருக்கிறது, 45,000 பேருக்குப் பிரித்தால் ஒவ்வொருவர் பங்கும் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய வேலையின் அளவுக்கு வந்துவிடுகிறது.

நான் என்ன மாற்றினேன்

பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். முதல் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அது இருக்கட்டும். புதுப் பக்கத்தில் "செய்யமாட்டேன்" என்று மூன்று வரி எழுதினேன். தூள் வடகம் விற்கமாட்டேன். கடனுக்குக் கொடுக்கமாட்டேன், சொந்தத்துக்கும். மூன்று வெயில் முழுசாகக் காயாத வடகத்தைப் பாக்கெட்டில் போடமாட்டேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. "என்ன அண்ணி, எங்கிட்டயுமா" என்று கொழுந்தனார் பெண்டாட்டி கேட்டாள், ஒரு மாதம் பேசவில்லை, இப்போது பேசுகிறாள், காசும் தருகிறாள்.

வலதுபக்கம் தினக் கணக்கு. எத்தனை கிலோ வெங்காயம் உரித்தேன், எத்தனை பாக்கெட் போட்டேன், எத்தனை பேர் இரண்டாம் தடவை கேட்டார்கள். கடைசியில் சொன்ன எண்தான் எனக்கு முக்கியம், மொத்த விற்பனை கூடும் மாதத்தில்கூட அது குறைந்தால் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஒரு ஆவணியில் அப்படித்தான் ஆனது. விசாரித்தால் சின்ன வெங்காயம் விலை ஏறியதால் நான் பெரிய வெங்காயம் கலந்திருந்தேன், யாரும் என்னிடம் சொல்லவில்லை, வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

கட்டில், ஸ்டவ் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து, கீழே கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்து. பாப்பட் மெல்லிசு, சீக்கிரம் காயும். என் வெங்காய வடகம் உருண்டை, வெளியே முறுகி உள்ளே பச்சையாகவே நின்றது, வீடு முழுக்க ஒரு வாரம் வெங்காய நெடி, கேஸ் வேறு காலி. ஒரு கிலோ வீண். அவர்கள் வழி அவர்கள் பண்டத்துக்கு. இப்போது மாசியிலிருந்து வைகாசி வரை வடகமும் வத்தலும் மட்டும் போட்டு டப்பாக்களில் நிறைத்து வைத்துக்கொள்கிறேன், ஐப்பசி கார்த்திகையில் அதை விற்றுக்கொண்டே பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கருவேப்பிலைப்பொடி வறுத்து இடிக்கிறேன், அதற்கு வெயில் வேண்டாம். 12 மாதத்துக்கும் 12 விதமான எண் நோட்டில் இருக்கிறது, மார்கழிக்கு எழுதியிருப்பது சித்திரையின் பாதிகூட இல்லை.

மாதம் 1 லட்சம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. போன சித்திரையில் 41,000 விற்றது, கார்த்திகையில் 17,000. செலவு போக இதில் ஐந்தில் இரண்டு பங்கு நிற்கிறது.

இப்போது எனக்கும் மாடிப் பிரச்சினை வந்திருக்கிறது. வீட்டுக்காரர் பாதி மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார், இருக்கிற இடத்தில் ஒரு நாளைக்கு 8 கிலோவுக்குமேல் பரப்ப முடியாது. எதிர்வீட்டு அக்காவும் பின்தெருவில் ஒரு பெண்ணும் எங்களுக்கும் கொடு, வீட்டில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். மசாலா கலப்பதை நான் வைத்துக்கொண்டு உருட்டிக் காயவைப்பதை மட்டும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உருண்டைக்கு அளவாக ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், எடை மெஷின் வாங்கிவிட்டேன். கூலி கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அக்கா 40 கேட்கிறார், எனக்கு 30தான் கட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம்.